கத்தியும் நோவும்

வன்னிப் பெருநிலம் குளத்தையும் வயலையும் நம்பி வாழும் நாடு. இரணைமடு நீர் பாயும் கிளிநொச்சி வயல்களிலும், முல்லைத்தீவு, வவுனியாக் கமங்களிலும் நெல் மூட்டை சுமந்தே வாழ்நாளைக் கழித்தோர் பலர். அவர்களிற் சிலருக்குத் தொடை இடுக்கின் மேலே ஒரு வீக்கம் தோன்றும், இருமினாற் புடைக்கும், படுத்தால் ஒடுங்கும். குடலிறக்கம் என்பது இதுவே. இதற்கு முடிவான பரிகாரம் சத்திரசிகிச்சை ஒன்றே. ஆயினும் நோவுக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் அதனை மறைத்து வைப்போர் உண்டு. இறங்கிய குடல் இறுகிக் குருதியோட்டம் தடைப்படின் உயிருக்கே ஆபத்தாம். ஆதலால், நோவை மனிதன் வென்ற வரலாற்றை அறிவது பயனுடையதே.

ஒரு காலத்திற் சத்திரசிகிச்சை என்றால், நோயாளிக்கு மதுவோ அபினியோ கொடுத்து, வலியவர் சிலர் அவரை அமுக்கிப் பிடிப்பர். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வில்லியம் மோட்டன் ஈதர் ஆவியால் ஒருவரை உறங்க வைத்தார்; கழுத்துக் கட்டி ஒன்று அலறலின்றி அறுக்கப்பட்டது. மறு ஆண்டு எடின்பரோவில் சிம்சன் குளோரபோமைக் கையாண்டார். அதே 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த அப்பெரியார், 1867இல் ‘இரணவைத்தியம்’ என்னும் நூலை வெளியிட்டுச் சத்திரசிகிச்சைக் கலையைத் தமிழர் கைக்கு எட்டச் செய்தார்.

முழு மயக்கம் வரப்பிரசாதமே. எனினும் மூச்சையும் இருதயத்தையும் அது தாக்கக்கூடும். எனவே அறிஞர் வேறு வழி தேடினர். 1898இல் ஜேர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பியர் முள்ளந்தண்டில் மருந்தேற்றி உடலின் கீழ்ப்பாகத்தை மரக்கச் செய்தார். 1900ஆம் ஆண்டளவில் ஹார்வி குஷிங், குடலிறக்கம் உண்டான இடத்தை மாத்திரம் விறைக்கச் செய்து அறுக்கும் முறையை விளக்கினார். 1943இல் சுவீடனில் லொவ்கிறன் உருவாக்கிய லிக்னோகேன் இம்முறையை எளிதாக்கிற்று.

இம்மூன்றில் எது சிறந்தது? முழு மயக்கத்தில் நோயாளி ஒன்றும் அறியார். ஆயினும் விழித்தபின் குமட்டலும் சோர்வும் நேரலாம். முதுகில் ஏற்றும் ஊசி நன்கு மரக்கச் செய்யும். ஆனால் சிலருக்குத் தலையிடியும், முதியோருக்குச் சிறுநீர் அடைப்பும் உண்டாகும். இடத்தை மாத்திரம் விறைக்கச் செய்தால் நோயாளி பெரும்பாலும் அன்றே எழுந்து நடப்பார். 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டலும், உள்ளே தள்ளக்கூடிய குடலிறக்கத்தைத் திறந்து சீராக்கும்போது, பயிற்சி பெற்ற கை இருப்பின் இம்முறையை ஏற்கின்றது. சிறுவருக்கும் குடல் இறுகியவருக்கும் இது பொருந்துவதரிது.

நோவு கத்தியோடு முடிவதில்லை. முதல் நாட்களிற் பரசிற்றமோலும் டைக்குளோபெனக் போன்ற மருந்துகளும் பெரிதும் உதவும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்க்குப் பின்னையது ஆகாது. மோர்பீன் வலியது, ஆனால் அது தரும் மலச்சிக்கலால் முக்க நேரிடும், முக்கினால் தைத்த இடமே நோகும். தையலிடும்போதே அவ்விடத்து நரம்புகளை விறைக்கச் செய்தால் மோர்பீனின் தேவை குறையும்.

இவ்வளவு அறிவு பெருகிய பின்னரும், 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போர் முல்லைத்தீவுக் கரையை நெருக்கிய நாட்களில், பாடசாலைகளில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்து அருகிற்று. போதிய மயக்கமின்றியே காயமுற்றோரின் அவயவங்கள் அகற்றப்பட்டன. பொஸ்ரன் நகரில் 1846இல் முடிந்ததாகக் கருதப்பட்ட அலறல் வன்னியில் மீண்டும் கேட்டது. அறிவு நூலில் இருந்தால் மாத்திரம் போதாது. மருந்துக் குப்பி நோயாளியின் கட்டிலருகே வந்து சேரவேண்டும்.

இன்று அந்நிலை இல்லை. வீக்கத்தை மறைத்திருக்கும் கமக்காரர், “எந்த முறையில் விறைக்கச் செய்வீர்கள், ஐயா?” என்று வைத்தியரைத் தயங்காது கேட்கலாம். அக்கேள்வியைக் கேட்கும் உரிமையைப் பெறுவதற்கு மனித குலம் நெடுங்காலம் நோவைச் சுமந்தது.