ஊர் தேடி வந்த வைத்தியப் படிப்பு



நள்ளிரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டால், நாம் முதலில் கேட்பது "பெரிய ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?" என்பதன்று. "இப்போது யார் வருவார்?" என்பதுதான். பட்டணத்தில் எத்தனை மாடி ஆஸ்பத்திரி இருந்தாலும், அந்த நேரத்தில் கைகொடுப்பவர் பக்கத்தில் குடியிருப்பவரே. அவருக்கு வைத்தியப் படிப்பு எப்படிப் போய்ச் சேரும்? இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரின் பழைய வரலாற்றில் ஒரு நல்ல விடை இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் அங்கே வைத்தியம் படிக்கவே இடமில்லை. 1890-இல் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க அரசு நினைத்தது. தகுதியான மாணவர் போதவில்லை. எனவே பிள்ளைகளைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். 1904-இல் டான் ஜியாக் கிம் என்ற சீனப் பெரியவரின் தலைமையில் ஊர்ப் பிரமுகர்கள் ஆளுநரிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். அரசு 71,000 டாலர் திரட்டித் தரச் சொன்னது. மக்கள் 87,077 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். 1905-இல் 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே.

பெண்களுக்கும் ஒரு வழி பிறந்தது. தேக்கா என்று நம்மவர் சொல்லும் சிராங்கூன் சாலைப் பகுதியை அறியாதவர் குறைவு. மாட்டு வியாபாரமும் மாட்டுக் கொட்டில்களும் நிறைந்திருந்த இடம் அது. காண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கே எருமைத் தொழுவம் என்றுதான் பொருள். தேக்காச் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில், 1924 அக்டோபர் முதல் நாள், அதே பெயரில் ஏழைத் தாய்மாருக்கான இலவசப் பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் தாய்மாருக்கு முப்பது படுக்கைகள்தாம். ஆனால் பிரசவம் பார்க்கும் அந்த இடமே மருத்துவ மாணவர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பள்ளிக்கூடமாக ஆயிற்று. 1966-இல் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகில் வேறெந்தப் பிரசவ ஆஸ்பத்திரியும் ஓராண்டில் அத்தனை பிரசவங்களைக் கண்டதில்லை என்று அப்போது பேசப்பட்டது.

இவ்வளவும் நகரத்துக் கதை. அக்காலத்தில் சிங்கப்பூர்த் தீவு முழுவதும் நகரமாக இருக்கவில்லை. செம்பவாங், நீ சூன், மண்டாய்ப் பக்கங்களில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. நம்மவர் அங்கே பால் மரம் வெட்டினார்கள். மலாய்க் கம்பங்களும் சீனர்களின் காய்கறித் தோட்டங்களும் சிதறிக் கிடந்தன. இந்த நாட்டுப்புறங்களில் 1920-களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. ஐந்து தொட்டில் கட்டினால் ஒன்று வெறுமையாகிவிடும் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

அந்த நிலையில் வந்து சேர்ந்தவர் ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி. 1927 அளவில் நாட்டுப்புறத் தாய் சேய் நலப் பணியை அவர் தொடங்கினார். தாய்மார் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வண்டி போகும் வரை வண்டியில் போனார், அதற்கப்பால் நடந்தார், சிறு தீவுகளுக்குப் படகில் போனார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார். முதலில் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் பிறகு அவரைத் தேடத் தொடங்கினார்கள். தாதியரையும் மருத்துவச்சிகளையும் பழக்கி, கிராம நிலையங்களில் வேலைக்கு அமர்த்தினார்கள்.

அவர்கள் கற்றுக் கொடுத்தது என்ன? பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. கையைச் சோப்பிட்டுக் கழுவுதல், தொப்புள் கொடியை அறுக்கும் கத்தரியைக் கொதிநீரில் போட்டெடுத்தல், கொடியின் மேல் மண்ணோ சாம்பலோ பூசாதிருத்தல். அழுக்குக் கத்தியால் அறுத்த கொடி வழியாகத்தான் ரண ஜன்னி குழந்தையைப் பற்றுகிறது. கழுவாத கையால் தாய்க்குப் பிரசவ ஜன்னி வருகிறது. இதைத் தெரிந்த ஒரு பெண் ஊரில் இருந்தால் எத்தனை உயிர் பிழைக்கும்!

இன்னொரு பாடமும் இருந்தது. அங்கே ஏழாம் எட்வர்டு கல்லூரியில் குழந்தை மருத்துவம் கற்பித்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், 1939-இல் ஒரு சங்கக் கூட்டத்தில் துணிந்து பேசினார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு இனிப்பு டின் பாலைக் கொடுக்கத் தூண்டுவது கொலைக்குச் சமம் என்றார். டின் பாலை விளம்பரம் செய்த கம்பெனிகளுக்கு அது கசப்பாக இருந்தது. தாய்மாருக்கோ அது உயிர் காக்கும் சொல்.

இடையில் யுத்தம் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் சிம்மன்ஸும் வில்லியம்ஸும் சாங்கிச் சிறையில் அடைபட்டார்கள். யுத்தம் முடிந்ததும் சிம்மன்ஸ் திரும்பவும் வேலையைக் கையில் எடுத்தார். 1948-இல் அவர் ஓய்வு பெற்றபோது நாட்டுப்புறச் சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்றைய சிங்கப்பூரில் அது ஏறத்தாழ இரண்டு. நல்ல குடிநீரும் சாப்பாடும் வருமானமும் இதற்குக் காரணம்தான். ஆனால் அவை வந்து சேரும் முன்பே, வாசல் தேடி வந்த படிப்பு பல தொட்டில்களைக் காத்தது.

நேயர்களே, தொலைதூரக் கல்வி என்று இப்போது பேசுகிறோமே, அது இதே பாதையின் நீட்சிதான். தாதியைப் பட்டணத்துக்கு அழைத்துப் படிக்க வைத்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி காலியாகிவிடும்; படித்து முடித்தவர் திரும்பி வருவார் என்பதும் நிச்சயமில்லை. ஆகவே பாடத்தை அவர் இருக்கும் இடத்துக்கே அனுப்பினார்கள். கென்யா நாட்டில் அம்ரெஃப் என்ற அமைப்பு, 1980-களில் கிராமச் சுகாதார ஊழியர்களுக்கு அஞ்சலிலும் வானொலியிலும் பாடம் நடத்தியது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், வேலையில் இருக்கும் தாதியருக்கு 1994 முதல் பட்டப் படிப்பைக் கொடுத்தது. நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, கிராமத்து மருத்துவர்கள் ஊரை விட்டு வராமலே குடும்ப மருத்துவம் கற்க வழி செய்தது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. குறுக்கே கிடக்கும் குழந்தையைக் கடிதத்தில் படித்துத் திருப்ப முடியாது. பாடம் தூரத்திலிருந்து வரலாம். கைப்பழக்கம் பக்கத்தில் நின்று சொல்லித் தருபவரிடம்தான் வரும். அதனால்தான் நல்ல தொலைதூரப் படிப்புகளில் சில நாள் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் கட்டாயமாக இருக்கிறது. படித்தவர் தம்மால் ஆகாததை அறிந்து, நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் படிப்பில் ஒரு பகுதியே.

நம் தோட்டத்துப் பெண் பிள்ளைகளில் ஒருத்தி தாதியாகவோ மருத்துவச்சியாகவோ படிக்க ஆசைப்பட்டால், "அதற்கு வெளியூர் போகவேண்டுமே" என்று தட்டிக் கழிக்க வேண்டாம். எந்தப் படிப்பு எங்கிருந்து கிடைக்கும் என்று விசாரிப்போம். இரவில் அவள் புத்தகத்தைப் பிரிக்கும்போது விளக்கையும் வீட்டு வேலையில் ஒரு பங்கையும் நாம் ஏற்றுக்கொள்வோம். நாளை நள்ளிரவில் "யார் வருவார்?" என்று கேட்கும்போது, "நம் பிள்ளை இருக்கிறாள்" என்று சொல்ல முடியுமல்லவா?