அழுகுரலின் சொற்கள்: ஓலம் முதல் ஒப்பாரி வரை

வன்கொடுமை வழக்கின் கோப்புகளைப் படிக்கும்போது நாம் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் தொடர் ஒன்று உண்டு: “சத்தம் போட்டார்.” வெட்டுப்பட்டவரும் சத்தம் போட்டார், மகனின் உடலைக் கண்ட தாயும் சத்தம் போட்டார், காவல் நிலைய வாயிலில் நீதி கேட்டவரும் சத்தம் போட்டார். உயிரச்சம், இழப்பு, முறையீடு ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் புதைக்கப்படுகின்றன. இது மொழிக் குறைவால் நேர்வதன்று. அழுகுரலை வகைபிரித்துக் கூறத் தமிழில் சொற்கள் ஏராளமாக உள்ளன. யாருடைய அழுகுரலுக்கு எந்தச் சொல் வழங்கப்படுகிறது என்பதே நம் கேள்வி.

அழுகையின் முதற்காரணம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களை வகுக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறர் இகழ்வதால் நேரும் இழிவு, இழவு என்பது உயிரோ உடைமையோ இழத்தல், அசைவு என்பது முன்னிருந்த நிலை தாழ்தல், வறுமை வெளிப்படை. இறப்புக்கும் முன்பாக அவமதிப்பு எண்ணப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். “அடிபடவில்லை, திட்டத்தானே செய்தார்கள்?” என்று கேட்கும் அதிகாரிக்கு இலக்கணமே மறுமொழி வைத்திருக்கிறது.

சொற்களும் பொருள் வேறுபாடும்

அலறல்: அச்சத்தாலோ வலியாலோ திடீரென வெடிக்கும் உரத்த குரல். அதில் சொற்கள் இருக்க வேண்டுவதில்லை.

கதறல்: துயரத்தோடு வேண்டுதலும் கலந்த குரல். பெரும்பாலும் எதிரில் ஒருவர் இருப்பார். “விட்டுவிடுங்கள் எனக் கதறினார்” என்று எழுதும்போது, தாக்குதல் நிறுத்தப்படவில்லை என்பதும் உணர்த்தப்படுகிறது.

கூக்குரல், கூப்பாடு: இரண்டிலும் ‘கூவுதல்’ இருக்கிறது, பிறரை உதவிக்கு அழைக்கும் குரல். எனினும் ‘கூப்பாடு’ இன்று வீண் ஆரவாரம் என்னும் பொருளிலும் வழங்குகிறது.

ஓலம்: நீண்டு ஒலிக்கும் குரல். பக்தி இலக்கியத்தில் இது அடைக்கலம் வேண்டி இறைவனை அழைக்கும் சொல். ஆகவே ஓலத்திற்குள் ‘காப்பாற்றுங்கள்’ என்னும் முறையீடு பொதிந்திருக்கிறது.

புலம்பல்: சொற்களோடு கூடிய அழுகை. பழந்தமிழில் ‘புலம்பு’ என்றால் தனிமை. கேட்க ஆளின்றித் தனித்து விடப்பட்டவரின் பேச்சு என்னும் சாயல் இச்சொல்லில் இன்றும் உண்டு.

ஒப்பாரி, பிலாக்கணம்: இறந்தவரை முன்னிறுத்திப் பெண்கள் பாடி அழும் வடிவங்கள். ஆனால் அவற்றின் பொருள் இறப்போடு நின்றுவிடுவதில்லை; பிறந்த வீட்டின் புறக்கணிப்பு, புகுந்த வீட்டின் கொடுமை, கைம்மை, கடன் என யாவும் அங்கே பேசப்படும். தமிழ்நாட்டு இழவுப் பாடல்களைக் களத்தில் ஆய்ந்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே 2005இல் வெளியிட்ட நூலுக்கு, ‘இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அழுபவர் தம் வாழ்வையே அழுகிறார் என்பது அதன் உட்பொருள்.

விம்மல், தேம்பல், கேவல்: அடக்கப்பட்ட அழுகையின் ஒலிகள். உரக்க அழுவதற்கும் அஞ்சும் இடங்களில் இவையே எஞ்சுகின்றன.

வசையாக்கப்பட்ட உழைப்பு

ஈடுபாடின்றி வேலை செய்பவரைக் ‘கூலிக்கு மாரடிக்கிறார்’ என்கிறோம். இழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு அழுவது பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள்மீது சுமத்தப்பட்ட பணி. அவர்களுடைய ஆண்கள் இழவு சொல்லவும், பறையடிக்கவும், குழி வெட்டவும் பணிக்கப்பட்டனர். சாதி அவர்களைப் பணித்தது. மொழியோ அவர்களையே போலிகள் என்று பழித்தது. ‘ஒப்பாரி வைக்காதே’ என்பதும் இத்தகையதே. குறையைக் கேட்க மறுப்பவர் கையிலெடுக்கும் ஆயுதம் அது. பழையனூர் நீலி கதையிலிருந்து வந்த ‘நீலிக் கண்ணீர்’ புகார் கொடுக்கும் பெண்ணின் மீது எளிதில் வீசப்படுகிறது. நாய்க்கும் நரிக்கும் உரிய ‘ஊளை’யை மனிதரின் துயரத்திற்குச் சூட்டுவது இளிவன்றி வேறன்று.

இவ்வுழைப்பு வற்புறுத்தப்படுமானால் சட்டம் வாளாவிருப்பதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவது பிரிவு 3(1)(ஐ)-இன்படி குற்றம். மாரடித்தல் அப்பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. எனினும் கட்டாய உழைப்பைத் தண்டிக்கும் பிரிவு 3(1)(எச்)-இன்கீழ் அதனைக் கொண்டுவர இயலும் என்பது எங்கள் வாதம்.

நீதிமன்றத்தில் அழுகுரல்

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 6, இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 4. நிகழ்வோடு பிணைந்து, அதே நேரத்தில் எழுந்த சொற்களும் செயல்களும் தொடர்புடைய பொருண்மைகள் என்கிறது அது. துப்பாக்கி ஒலியும் காயமுற்றவரின் குரலும் கேட்டு ஓடிவந்தவரிடம், சுட்டவர் யார் என்று அவர் உடனே கூறியதை உச்ச நீதிமன்றம் 1999இல் இவ்விதியின்கீழ் ஏற்றது. இடைவெளி நேர்ந்தால் இவ்வாய்ப்பு நழுவும். மேலும், ‘அலறல் கேட்டு ஓடினேன்’ என்னும் ஒரு வரி, சாட்சி அவ்விடத்தில் இருந்ததற்கான காரணத்தையும் நிறுவுகிறது.

மறுபுறம் ஓர் எச்சரிக்கை. 1978இல் மதுரா வழக்கில், காவல் நிலையத்தில் வல்லுறவுக்குள்ளான பழங்குடிச் சிறுமி இயல்பாகவே உதவி கேட்டுக் கத்தியிருப்பாள் என்று கருதிய உச்ச நீதிமன்றம், எதிர்ப்பு இல்லை என்று கூறிக் காவலர்களை விடுவித்தது. அதற்கெதிரான போராட்டம் 1983ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்கு வழிவகுத்தது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றினாலேயே இசைவு இருந்ததாகக் கொள்ளலாகாது என்பது இன்று சட்டமாகவே உள்ளது. அலறல் சான்றாகலாம், அலறாமை இசைவுக்குச் சான்றாகாது.

புகார் எழுதும் தோழர்களுக்கு

புகார் எழுத உதவும் மாணவர்களையும் செயற்பாட்டாளர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. பாதிக்கப்பட்டவர் எழுப்பிய குரல் எத்தகையது, யாரை நோக்கியது, அப்போது அவர் உரைத்த சொற்கள் எவை, அதைக் கேட்டவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரத்தில் வந்தார் என்பவற்றை அவரவர் வாய்மொழியிலேயே பதிவு செய்யுங்கள். நம் இலக்கியச் சொல்லை அவர் வாயில் திணிக்க வேண்டா. குறுக்கு விசாரணையில் அது அவருக்கே எதிராகத் திரும்பும். அவர் ‘கத்தினேன்’ என்றால் ‘கத்தினேன்’ என்றே இருக்கட்டும். என்ன சொல்லிக் கத்தினார் என்று கேளுங்கள். அவர் அழவே இல்லையெனில் அதனையும் அவ்வாறே எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுங்கள். ‘சத்தம் போட்டார்’ என்று காவலர் சுருக்கி எழுதினால், முழுமையாக எழுதுமாறு வற்புறுத்துங்கள். அந்த ஒரு வரியில் ஒரு வழக்கே அடங்கியிருக்கக்கூடும்.