ஊசித் திகதியும் மே மாதமும்: ஆண் ஓமோன் சிகிச்சையில் வரும் பதகளிப்பைக் கையாளுதல்

ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் ஒருவரை உதாரணத்துக்கு நினைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. 2009இல் செல் துண்டு பட்டு விதைகள் இரண்டையும் இழந்தவர். உயிர் தப்பியதே பெரிது என்று அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருந்தார். களைப்பும் உடல் சூடேறி வியர்ப்பதும் தாங்க முடியாமல் போன பிறகுதான் கிளினிக்குக்குப் போனார். இப்போது மூன்று கிழமைக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறார்.

ஊசி போட்ட முதல் கிழமை உற்சாகமாக இருக்கிறது. சில நாட்களில் அந்த உற்சாகமே படபடப்பாக மாறிவிடுகிறது. மூன்றாம் கிழமை நித்திரை இல்லை. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் இரவு லொறி ஒன்று போனாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. “ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளேல்ல” என்கிறார் அவர். “அது ஊசியில்ல, பழைய யோசினை” என்கிறார் மனைவி.

இருவரும் சொல்வது சரியாக இருக்கலாம். போரைக் கண்ட உடலில் இந்தச் சிகிச்சை நடக்கும்போது பதகளிப்பு இரண்டு வழிகளாலும் வரும். எந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு ஏற்றதைச் செய்யலாம். அதற்கு உதவுவதே இக்கட்டுரை. வைத்திய ஆலோசனைக்கு இது மாற்று அல்ல.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

டெஸ்டோஸ்டிரோன் ஆண்களில் பெரும்பாலும் விதைகளில் சுரக்கும் ஓமோன். அதைச் சுரக்கும்படி கட்டளை இடுவது மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி. ஆகவே இரண்டு இடங்களில் எது பழுதானாலும் ஓமோன் குறையும்.

எங்கள் பகுதியில் இரண்டுக்கும் போர் காரணமாகியிருக்கிறது. செல் துண்டும் கண்ணிவெடியும் விதைகளைக் காயப்படுத்தின. தலைக்காயம் கபச்சுரப்பியைப் பாதிக்கக்கூடும். தலைக்காயம் பட்டவர்கள் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, அவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேலானோருக்குக் கபச்சுரப்பிக் குறைபாடு ஏதோ ஒரு வகையில் இருந்ததாகக் கண்டது. அவர்கள் எல்லோருக்கும் ஆண் ஓமோன் குறையும் என்பதல்ல. ஆனால் தலைக்காயத்துக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் காரணம் தெரியாத களைப்பு இருந்தால், அதை வைத்தியரிடம் சொல்வது பயன் தரும்.

காயம் இல்லாதவர்களிலும் நீரிழிவு, அதிக உடல் எடை, நித்திரைக் குறைவு, நீண்ட மன நெருக்கீடு ஆகியவை ஓமோனைக் குறைக்கும். மனவடுவே தாம்பத்திய நாட்டத்தைக் குறைப்பதும் உண்டு. எனவே அறிகுறிகளை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்குவதில்லை. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனை, வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை குறைவாகக் காட்ட வேண்டும். பதகளிப்புக்கு மருந்தாக இந்த ஊசியைக் கேட்டு வாங்குவது தவறு.

ஊசியின் ஏற்ற இறக்கம்

பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள சஸ்டனோன் 250 ஊசியில் நான்கு வகை டெஸ்டோஸ்டிரோன் எஸ்டர்கள் கலந்துள்ளன. ஊசி போட்டு 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போகும். பிறகு படிப்படியாக இறங்கி ஏறத்தாழ 21 நாட்களில் இயல்பான அளவின் கீழ் எல்லைக்கு வரும். எனந்தேற், சிப்பியோனேற் வகை ஊசிகளிலும் இதே போன்ற ஏற்ற இறக்கம் உண்டு.

மனமும் இந்த அலையோடு ஏறி இறங்கக்கூடும். உச்சத்தில் சிலருக்குப் படபடப்பு, எரிச்சல், நித்திரையின்மை. அடியில் சிலருக்குச் சோர்வு, அழுகை, காரணமில்லாத பயம். எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. வருபவர்களுக்கு வழி உண்டு. அளவைப் பிரித்துக் குறுகிய இடைவெளியில் போடலாம், தினமும் பூசும் ஜெல்லுக்கு மாறலாம், அல்லது 10 முதல் 14 கிழமைக்கு ஒருமுறை போடும் அண்டெக்கனோவேற் ஊசிக்கு மாறலாம். எது கிடைக்கும், எது பொருந்தும் என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அண்டெக்கனோவேற் ஊசி போட்டவுடன் சிலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் வரலாம். எண்ணெய்த் துளிகள் நுரையீரலைச் சென்றடைவதால் இது வருகிறது. பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனாலும் ஊசி போட்டபின் அரை மணித்தியாலம் வைத்தியசாலையிலேயே இருப்பது நல்லது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த இருமல் சாவுப் பயமாக மாறாது.

போரின் நாட்காட்டி

ஒட்டுசுட்டான் 1998 டிசம்பரில் இராணுவத்திடம் போனது, 1999 நவம்பரில் புலிகளிடம் வந்தது, 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்திடம் போனது. ஒவ்வொரு முறையும் சனம் இடம்பெயர்ந்தது. அந்த ஓட்டம் முடிந்தாலும் உடல் அதை மறக்கவில்லை.

2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1,448 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், 32.6 சதவீதத்தினருக்குப் பதகளிப்பு அறிகுறிகள் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடையே அது 48.5 சதவீதம். கூட்டு மனவடு பற்றி நீண்டகாலம் எழுதிவரும் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும், போரின் தாக்கத்தைத் தனிமனிதரோடு நிறுத்தாமல் குடும்பத்திலும் ஊரிலும் பார்க்க வேண்டும் என்கிறார்.

மனவடுவால் வரும் பதகளிப்புக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. மே 18ஐ நெருங்கும் நாட்கள், நவம்பர் கடைசி, ஒருவரை இழந்த அல்லது கடைசியாகக் கண்ட திகதி, பட்டாசுச் சத்தம், ஹெலிச் சத்தம், சீருடை. இவற்றோடு வரும் பயம் ஊசித் திகதியைப் பார்த்து வருவதில்லை.

கொப்பியில் எழுதுங்கள்

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒரு கொப்பி. கிளினிக் கொப்பியின் பின்பக்கமே போதும். ஒவ்வொரு இரவும் ஐந்து விடயங்கள் எழுதுங்கள்:

1. ஊசி போட்டு இன்று எத்தனையாவது நாள்.
2. பயம் அல்லது படபடப்பு: 0 முதல் 10 வரை ஓர் இலக்கம்.
3. எத்தனை மணித்தியாலம் நித்திரை.
4. தேநீர், கோப்பி, சாராயம், புகை எவ்வளவு.
5. அன்று நடந்தது: சத்தம், செய்தி, நினைவு நாள், சண்டை, கடன் கேட்டு வந்தவர்.

மூன்று ஊசிச் சுற்றுகளுக்கு எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே நாட்களில் இலக்கம் ஏறினால் ஊசியின் அலை காரணமாக இருக்கலாம். ஊசி நாளோடு பொருந்தாமல் சத்தம், நினைவு நாள் இவற்றோடு ஏறினால் மனவடுவைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக ஏறும் நாட்களும் இருக்கும். மே நடுப்பகுதியில் மூன்றாம் கிழமை விழுந்தால் அது கடினமான கிழமை என்று முன்பே தெரிந்துவிடும். அந்தக் கிழமையில் தனியே இருக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

வைத்தியருக்கும் இது உதவும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இரண்டு பக்கம் சொல்லிவிடும்.

உடலில் வேறு காரணம் உண்டா?

எல்லாப் படபடப்பும் மனத்தினால் வருவதல்ல. 2023இல் வெளியான ட்ரவேர்ஸ் ஆய்வு, இதயநோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து அதிகமுள்ள 5,200க்கு மேற்பட்ட ஆண்களைப் பார்த்தது. மாரடைப்பும் பக்கவாதமும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லால் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் 3.5 சதவீதத்தினருக்கு வந்தது. மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் அது 2.4 சதவீதம். எனவே நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஒருமுறை ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிகிச்சையில் இரத்தம் தடிப்பதும் உண்டு. ஹிமற்றோகிறிற் அளவு 54 சதவீதத்தைத் தாண்டினால் வைத்தியர் ஊசியை நிறுத்திவைப்பார் அல்லது குறைப்பார். தலையிடி, முகம் சிவத்தல் இருந்தால் சொல்லுங்கள். பலத்த குறட்டையோடு நித்திரையில் மூச்சு நின்று வருவது இச்சிகிச்சையில் மோசமாகலாம். திடுக்கிட்டு எழும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தைரொயிட் கூடுதல், நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்குதல், சாராயம் குடித்து மறுநாள் வரும் நடுக்கம் ஆகியவையும் பதகளிப்பைப் போலவே இருக்கும்.

பயம் வந்துவிட்டால்

திடீர்ப் பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்கு வந்து பிறகு இறங்கும். அதை அடக்கப் போராடாமல் கடந்துபோக விடுங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை எடுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். சில நிமிடங்கள் தொடருங்கள். பாதங்களை நிலத்தில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லுங்கள். இன்றைய திகதியைச் சத்தமாகச் சொல்லுங்கள். உடல் 2009இல் நிற்கும்போது அதை இன்றைக்குக் கூட்டிவர இது உதவும்.

தினசரி விடயங்களில் பிற்பகலுக்குப் பின் தேநீரைக் குறைத்தல், ஒரே நேரத்தில் படுத்து எழும்புதல், உடலை அசைத்து வேலை செய்தல் ஆகியவை பலன் தரும். சாராயம் அன்றிரவு பயத்தைக் குறைத்து மறுநாள் கூட்டும். அயலவருக்குக் கொடுத்த நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். டயசிபாம், அல்பிரசோலாம் போன்றவை விரைவில் பழக்கமாகும். ஏற்கெனவே நீண்டநாள் போடுபவர் திடீரென நிறுத்தவும் கூடாது. வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கிளினிக்கில் என்ன கேட்பது?

முதலில் ஒட்டுசுட்டான் பிரதேச வைத்தியசாலையிலோ முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பேசலாம். ஓமோன் நிபுணரின் பார்வை தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்கலாம். கேட்க வேண்டியவை: எனது ஓமோன் அளவை ஊசிச் சுற்றின் எந்த நாளில் பார்க்க வேண்டும்? ஹிமற்றோகிறிற் எப்போது பார்த்தது? எனது வயதுக்கு முன்னிற்குஞ்சுரப்பிப் பரிசோதனை தேவையா? இடைவெளியை மாற்றலாமா?

விதைகள் இருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை அடக்கும். பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர் ஊசி தொடங்கும் முன்பே சொன்னால் வேறு மருந்து பார்க்கலாம்.

மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் அதை அவமானமாக எடுக்க வேண்டாம். பேச்சு வழிச் சிகிச்சையும், சேற்றலின் போன்ற குளிசைகளும் இந்த ஊசியோடு சேர்த்து எடுக்கக்கூடியவை. அக்குளிசைகள் வேலை செய்ய சில கிழமைகள் எடுக்கும். முதல் நாட்களில் படபடப்பு சற்றுக் கூடலாம்; தாம்பத்திய நாட்டமும் குறையலாம். இதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தானாகச் செய்யக் கூடாதவை இரண்டு. பயம் வருகிறது என்று ஊசியைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். விதைகள் இரண்டையும் இழந்தவருக்கு ஓமோன் இல்லாமல் எலும்பும் பலவீனமாகும். சோர்வு வருகிறது என்று திகதிக்கு முன் இன்னொரு ஊசி போடாதீர்கள். அலை இன்னும் உயரும்.

திருநம்பிகளும் இதே மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். பாலின அங்கீகாரச் சான்றிதழ் பற்றிச் சுகாதார அமைச்சு 2016இல் சுற்றறிக்கை வெளியிட்டது. ஊசி அலை பற்றி மேலே சொன்னவை அவர்களுக்கும் பொருந்தும். ஊரின் பேச்சும் வீட்டின் எதிர்ப்பும் அவர்களுடைய கொப்பியில் தனி வரியாக எழுதப்பட வேண்டியவை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

அவர் சினந்தால் ஊசியின் எத்தனையாவது நாள் என்று பாருங்கள். அதைச் சொல்லிக் குத்திக்காட்ட வேண்டாம். அதேநேரம் ஊசியைக் காரணம் காட்டி அடிப்பதை யாரும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஜெல் பூசுபவர் கை கழுவி, பூசிய இடத்தை மூட வேண்டும். பெண்களிலும் சிறுவர்களிலும் அது படக்கூடாது.

நெஞ்சு நோ, மூச்சு முட்டல், ஒரு காலில் வீக்கமும் நோவும், மயக்கம் ஆகியவை வந்தால் இது பதகளிப்புத்தான் என்று வீட்டில் இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதையும் இதே அவசரமாகக் கருதுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பக்கத்தில் இருப்பவர் அவரைத் தனியே விடாமல் கூட இருக்க வேண்டும்.

அந்த வயல்காரருக்கு வருவோம். கொப்பியை எடுத்துப் போனபின் அவருடைய ஊசி இடைவெளி மாறலாம், மனநலப் பிரிவில் ஒரு திகதி கிடைக்கலாம். லொறிச் சத்தத்துக்கு நெஞ்சு அடிப்பது உடனே நிற்காமலும் போகலாம். ஆனால் எந்தப் பயத்துக்கு வைத்தியரிடம் போவது, எந்தப் பயத்துக்கு மனைவியின் பக்கத்தில் போய் இருப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.