‘நானே செய்தது’: சொக்லேட்டில தோய்ச்ச ஒரு பிரெட்சலின் வரலாறு

போன டிசம்பரில எங்கட ஹொஸ்டலில ஒரு பிரியாவிடைப் பார்ட்டி. ஆளுக்கொரு பரிசு குடுக்கவேணும், ஆனா கடையில வாங்கக்கூடாது, கையால செய்யவேணும் எண்டு விதி. நான் யூரியூப் பார்த்து சொக்லேட்டில தோய்ச்ச பிரெட்சல் செய்ய வெளிக்கிட்டன். சுப்பர்மார்க்கெட்டில உப்புப் பிரெட்சல் ஒரு பக்கெட், சொக்லேட் ரெண்டு கட்டி. உருக்கி, தோய்ச்சு, எண்ணெய்த்தாளில காயவிட்டு, போத்தலில அடுக்கி, ரிபன் கட்டி, ‘நானே செய்தது’ எண்டு ஒரு துண்டும் ஒட்டினன்.

வாங்கின தோழி மாத்தளைப் பிள்ளை. துண்டை வாசிச்சுப்போட்டுச் சிரிச்சாள். “இதுல நீ என்னா செஞ்ச? முறுக்குனது மெஷினு. சொக்லேட்டு ஃபெக்டரி. எங்க அம்மாயி கொக்கோ காய் ஒடைச்சவங்க, அந்தக் கையெல்லாம் எந்தக் கணக்குல சேரும்?”

பகிடியாத்தான் கேட்டவள். ஆனா வரலாறு படிக்கிற எனக்கு அந்தக் கேள்வி விடேல்ல. தேடிப் பார்த்தன்.

முதலில பிரெட்சல். 610ஆம் ஆண்டு ஒரு துறவி, செபம் படிச்ச சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசாக, மார்பில் கட்டிய கைகளின் வடிவத்தில் இதைச் சுட்டார் எண்டு ஒரு கதை இணையம் முழுக்க இருக்கு. அழகான கதை, ஆனால் அந்தக் காலத்துச் சான்று எதுவும் அதற்குக் கிடையாது. சான்று எண்டு காட்டக்கூடியது 12ஆம் நூற்றாண்டில் அல்சாஸ் பகுதியில் ஹெராட் எனும் துறவி மடத் தலைவி உருவாக்கிய ‘ஹோர்டுஸ் டெலிசியாரும்’ என்ற ஓவியக் கையெழுத்து நூல். அதில் ஒரு விருந்து மேசையில் பிரெட்சல் கிடக்கிறது. 1870இல் பிரஷ்யப் படைகளின் குண்டுவீச்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நூலகம் எரிந்தபோது மூல நூலும் எரிந்து போனது. முன்னமே ஆட்கள் பிரதி எடுத்து வைத்திருந்ததால்தான் அந்த மேசை இண்டைக்கும் தெரியுது. நூலகம் எரிஞ்சால் என்ன போகும் எண்டு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஜேர்மன் மொழி பேசும் குடியேறிகள் இந்தப் பண்டத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1861இல் லிடிட்ஸ் என்ற ஊரில் ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் பிரெட்சல் பேக்கரி தொடங்கினார். அங்கே பெயர் எடுத்தது மொறுமொறுப்பான காய்ந்த வகை. சொக்லேட் கதைக்கு இது முக்கியம். உருகின சொக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் அது திரண்டு கட்டிபட்டுப் போகும். மென்மையான பிரெட்சலைத் தோய்த்தால் அதன் ஈரம் எல்லாத்தையும் பழுதாக்கும். காய்ந்த பிரெட்சல் எண்டால் நாள்கணக்காக இருக்கும், பரிசாகவும் அனுப்பலாம்.

அந்த முறுக்கைப் போட்டது பல காலம் மனிதக் கைகள். கெட்டிக்காரத் தொழிலாளி ஒருவர் நிமிடத்துக்கு 40 வரை முறுக்குவார். 1935இல் ரெடிங் நகரத்தில் வந்த இயந்திரம் நிமிடத்துக்கு 245 முறுக்கியது. அதோட கையால முறுக்கிற தொழில் ஒடுங்கத் தொடங்கிச்சு.

லிடிட்ஸிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய தூரத்தில் ஹேர்ஷி இருக்கிறது. மில்டன் ஹேர்ஷி 1893 சிக்காகோ கண்காட்சியில் ஜேர்மன் சொக்லேட் இயந்திரங்களைப் பார்த்து வாங்கியவர். 1900இல் தன் கரமெல் கம்பனியைப் பத்து லட்சம் டொலருக்கு விற்றுவிட்டுப் பால் சொக்லேட்டில் இறங்கினார். பணக்காரர் வீட்டுப் பண்டம் கூலிக்காரரின் சட்டைப் பைக்கு வந்தது. தொழிலாளருக்கு வீடு, பூங்கா, அநாதைப் பையன்களுக்குப் பள்ளி எண்டு ஒரு ஊரையே கட்டினார். நல்ல மனுசன் எண்டுதான் வாசிக்கேக்க தோணும். ஆனால் அதே ஊரில் 1937 ஏப்ரலில் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பால் விற்க வழியில்லாமல் போன விவசாயிகளும் நிறுவனத்தின் பக்கம் நின்ற தொழிலாளரும் சேர்ந்து உள்ளே புகுந்து, அவர்களை அடித்து வெளியேற்றினார்கள். பூங்கா குடுத்த கை சங்கம் குடுக்கேல்ல.

கொக்கோ இன்னும் தூரத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கட்பரி நிறுவனம் கொக்கோ வாங்கிய சாவோ தோமே தீவில், அங்கோலாவிலிருந்து ‘ஒப்பந்தம்’ எண்ட பெயரில் கொண்டுபோகப்பட்ட ஆட்கள் அடிமைகளாக உழைத்தார்கள். 1901இலேயே வில்லியம் கட்பரியின் காதுக்கு விசயம் எட்டியது. கொள்வனவை நிறுத்தினது 1909இல். இதை எழுதிய ‘ஸ்டாண்டர்ட்’ பத்திரிகை மேல் கட்பரி மானநட்ட வழக்குப் போட்டு வென்றது. நடுவர் குழு குடுத்த நட்டஈடு ஒரு பார்திங், அதாவது கால் பென்னி. தீர்ப்பு கட்பரிக்குத்தான், ஆனா அந்தக் கால் பென்னி வேற கதை சொல்லுது.

இலங்கையிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. 1869இல் தொடங்கின இலைநோய் கோப்பியை அழித்த பிறகு, தேயிலை மட்டுமல்ல, மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில் கொக்கோவும் நடப்பட்டது. காயை உடைத்து, விதையைச் சில நாள் புளிக்க வைத்து, வெயிலில் காயவைப்பது எல்லாம் கைவேலை. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் கடனை ஒரு சீட்டில் எழுதி வைத்தார்கள். அந்தக் கடனைத் தீர்க்கிற துரைதான் அவரைத் தன் தோட்டத்துக்கு எடுக்கலாம். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட அந்த முறையின் பெயர் ‘துண்டு’. நான் போத்தலில ஒட்டினதும் துண்டுதான். அதை வாசிச்ச நாளில இருந்து அந்தச் சொல் எனக்குக் குத்துது.

இதெல்லாம் பழைய கதை எண்டும் விட ஏலாது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்கே பண்ணைகளில் மோசமான சிறுவர் உழைப்பை 2005க்குள் ஒழிப்பதாகச் சொக்லேட் கம்பனிகள் 2001இல் ஒப்புக்கொண்டன. அந்தக் கெடு தாண்டிப் போய்விட்டது, பிரச்சினை இருக்கிறது.

அப்ப பரிசு செய்யவேண்டாமோ? அப்படிச் சொல்லேல்ல. செய்யுங்கோ, வடிவாச் செய்யுங்கோ. கறுப்புச் சொக்லேட்டை 45 பாகை வரை உருக்கி, 28க்கு ஆறவிட்டு, திரும்ப 31க்குச் சூடாக்கித் தோய்ச்சால் மினுமினுப்பா இறுகும். நான் இது தெரியாமல் செய்ததால என்ர பிரெட்சலுகள் அடுத்த நாளே சாம்பல் பூத்துப் போச்சு. தோழி அதையும் விடாமல் சாப்பிட்டாள்.

அவளுக்கு இன்னொரு போத்தல் செய்து குடுத்தன். இந்த முறை துண்டில ‘தோய்ச்சது நான்’ எண்டு மட்டும் எழுதினன். வாசிச்சுப்போட்டு, “இப்பதான் கணக்கு சரி” எண்டாள்.