கருவி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, மனிதர்?

1933ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் தென்மாநிலச் சாலைகளில் ஒரு ஃபோர்டு கார் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் 65 வயது ஜான் லோமாக்ஸ், அவருடைய 18 வயது மகன் ஆலன். காரின் பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை ஏற்றியிருந்தார்கள். கருவியின் எடை மட்டும் 315 பவுண்டு, அதாவது சுமார் 143 கிலோ. பேட்டரி, மைக், கம்பிகள், பழுதுபார்க்கும் சாமான்கள் எல்லாம் சேர்த்து 500 பவுண்டு ஆனது என்று ஜான் லோமாக்ஸ் பிற்பாடு எழுதினார்.

இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி அந்த வேலையைச் செய்துவிடும். ஆனாலும் அந்தப் பயணத்தின் கதையை நம் இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு சமூகம் எதைப் பத்திரப்படுத்துகிறது, யாரைக் கைவிடுகிறது என்பதை அது காட்டுகிறது.

அதற்கு முன்பு நாட்டார் பாடல் சேகரித்தவர்கள் மெழுகு உருளைகளைக் கொண்டுபோனார்கள். மெழுகு வெயிலில் இளகும், கீழே விழுந்தால் உடையும், நாலைந்து முறை ஓடவிட்டாலே தேய ஆரம்பிக்கும். லோமாக்ஸின் புதிய கருவி அலுமினியத் தட்டில் ஒலியைப் பதித்தது. தட்டு உடையாது, வெயிலுக்கும் அசையாது. ஆனால் கருவி அப்படியல்ல. சுழல்தட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் ஊசி தடம் மாறும். பல இடங்களில் மின்சாரம் கிடையாது, ஆகவே பேட்டரியையும் சுமந்தாக வேண்டும். இத்தனையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் தேடிப் போனது கறுப்பின மக்கள் அடைக்கப்பட்டிருந்த சிறைகளை. வானொலியும் வெளியுலகமும் எட்டாத சிறைகளில்தான் பழைய பாடல்கள் கலப்பில்லாமல் இருக்கும் என்று ஜான் லோமாக்ஸ் நம்பினார். மனிதரைப் பூட்டி வைத்ததால் பாட்டு கெடாமல் இருக்கிறது என்ற இந்த எண்ணத்தை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நாஷ்வில் சிறையில் ஒரு கைதி பாட மறுத்தார். சமயப் பற்றுள்ள அவருக்கு உலகியல் பாட்டுப் பாடுவது பாவம். சிறை அதிகாரி உத்தரவிட்டதால் வேறு வழியின்றி பாடினார். பாடும் முன், தன்னை மன்னிக்கும்படி மைக்கின் முன்னாலேயே கடவுளிடம் வேண்டிக்கொண்டார். பாடமாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாத ஒருவரிடமிருந்து வாங்கிய பாட்டுக்குச் சேகரிப்பு என்று பெயர் வைப்பது எவ்வளவு எளிது!

அந்த ஆண்டு ஜூலையில் லூசியானாவின் அங்கோலா சிறைக்குப் போனார்கள். அது முன்பு அடிமைகளை வைத்து நடத்தப்பட்ட தோட்டம். அங்கே பன்னிரண்டு தந்தி கிதார் வாசித்த ஹடி லெட்பெட்டர் என்ற கைதியைச் சந்தித்தார்கள். உலகம் அவரை லெட்பெல்லி என்று அறியும். 1934 ஜூலையில் மறுபடியும் வந்து பதிவு செய்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று அவர் விடுதலையானார். ஆளுநருக்காக அவர் பாடிய பாட்டுதான் சிறைக்கதவைத் திறந்தது என்ற கதை பத்திரிகைகளில் பரவியது. உண்மையில் நன்னடத்தைக்கான தண்டனைக் குறைப்பு விதிப்படிதான் அவர் வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் லோமாக்ஸிடமே ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தார். சிறை சிறையாகக் கருவியைக் கொண்டுபோக உதவினார். தானே பாடிக் காட்டி, எப்படிப்பட்ட பாட்டு வேண்டும் என்று கைதிகளுக்கு விளக்கினார். ஆனால் இரவு வந்தால் முதலாளி ஓர் இடத்தில் தங்குவார், லெட்பெல்லி கறுப்பர் குடியிருப்பில் படுக்க இடம் தேட வேண்டும். கருவிக்கு இருந்த பாதுகாப்பு அதைச் சுமந்தவருக்கு இல்லை.

1935 தொடக்கத்தில் போட்ட ஒப்பந்தத்தில் வருமானம் முதலில் பாதிக்குப் பாதி. பிறகு ஆலனும் சேர்ந்ததும் பாடியவருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு எடுத்த செய்திப்படம் ஒன்றில், விடுதலையான மனிதருக்கு மறுபடியும் கைதி உடை மாட்டி நடிக்க வைத்தார்கள். சில மாதங்களிலேயே இருவரும் பிரிந்தார்கள். 1937ல் லெட்பெல்லியும் மனைவி மார்த்தாவும் ஆலனைப் பார்க்க வாஷிங்டன் போனபோது, கறுப்பர் என்பதற்காகத் தங்க இடம் மறுக்கப்பட்டது. அவருடைய குரல் பதிந்த தட்டுகள் அதே நகரத்தில் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருந்தன!

லெட்பெல்லி 1949 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் பாடிப் புகழ்பெற்ற 'ஐரீன்' பாடலை ஒரு வெள்ளையர் குழு பாடி, அது 13 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பாடலின் உரிமையில் அவர் பெயரோடு ஜான் லோமாக்ஸின் பெயரும் இருந்தது.

மனிதரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று அந்தக் காலத்தில் யாருமே யோசிக்கவில்லையா? யோசித்தார்கள், அந்த மக்களே யோசித்தார்கள். 1936ல் நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். எந்த விடுதியில் கறுப்பருக்கு இடம் உண்டு, எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல் அது. கிரீன் ஒரு தபால்காரர். பொட்டலத்தைச் சேதமில்லாமல் சேர்ப்பதை அரசு அவருக்கு வேலையாகக் கொடுத்தது. மனிதரைச் சேதமில்லாமல் சேர்ப்பதை அவரே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். இந்த நூலே தேவைப்படாத ஒரு நாள் வரும் என்றும் அவருடைய முன்னுரை நம்பிக்கையோடு சொன்னது. 1964ல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் நூல் நின்றது.

இன்னொரு பெயரையும் நாம் மறக்கக் கூடாது: ஜான் வொர்க். கறுப்பர்களுக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியர். 1940 ஏப்ரலில் மிசிசிப்பியின் நாட்செஸ் நகரில் ஒரு நடன அரங்கு தீப்பிடித்து 200க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் இறந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்து பிறக்கும் பாடல்களைத் தொகுக்க வேண்டும் என்று முன்மொழிந்தவர் வொர்க். அந்தத் திட்டம்தான் வளர்ந்து, 1941ல் காங்கிரஸ் நூலகமும் ஃபிஸ்க்கும் சேர்ந்து நடத்திய கோஹோமா மாவட்ட ஆய்வாக மாறியது. ஆலன் லோமாக்ஸும் வொர்க்கும் சேர்ந்துதான் அந்த ஆகஸ்டில் மடி வாட்டர்ஸைப் பதிவு செய்தார்கள். புகழ் ஆலனுக்குப் போனது. வாஷிங்டனுக்குப் போன வொர்க்கின் கையெழுத்துப் பிரதி காணாமல் போனது. அது கண்டெடுக்கப்பட்டு நூலாக வந்தது 2005ல். அதைப் பார்க்க வொர்க் உயிரோடு இல்லை. 500 பவுண்டு இரும்பைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு கட்டுக் காகிதத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை.

லோமாக்ஸ்கள் அந்தக் கருவியைச் சுமக்காமல் இருந்திருந்தால் இந்தக் குரல்கள் நமக்குக் கிடைத்திருக்காது. அதை நாங்கள் மறுக்கவில்லை. மடி வாட்டர்ஸுக்கு அவருடைய பாட்டின் இரண்டு தட்டுகளும் 20 டாலரும் அனுப்பி வைத்தார்கள். தன் குரலைத் தானே கேட்டபோதுதான், தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். 1943ல் தோட்ட வேலையை விட்டுச் சிகாகோ போனார். ஆக, பதிவு செய்வதே தவறு என்பதல்ல. திருப்பிக் கொடுக்காத பதிவுதான் தவறு.

தோழர்களே, நம் ஊர்ச் சேரிகளில் பெரியவர்களின் பாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்ய நாமும் போகிறோம். மைக்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைக்கிறோம், மழை வந்தால் நாம் நனைந்தாலும் பையை நனைய விடுவதில்லை. அது சரிதான். ஆனால் கிளம்பும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். பாட மாட்டேன் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு வாய்ப்பு இருந்ததா? பதிவில் யார் பெயர் இருக்கிறது? ஒரு பிரதி அவர் கைக்குப் போகுமா? பணம் வந்தால் யாருக்குப் போகும்? இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், கருவியை எவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோயும் பயனில்லை.