செயின்ட் மேரீஸ் தோப்பு

1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்தது. நடத்தியவர்கள் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார்கள். 1890-களில் அங்கே படித்த சில பிராமண மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

தலையில் நீர் வார்க்க ஒரு நிமிஷம் போதும். அதற்குப் பிறகு? வீட்டார் தலைமுழுகிவிட்டால் சோறும் படுக்கையும் படிப்பும் போச்சு. பெண் கொடுக்கவும் ஆள் இல்லை. அதனால்தான் செயின்ட் மேரீஸ் தோப்பில் அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பு எழுந்தது. தங்கள் ஆசாரங்களை விடாமலே அங்கு கிறிஸ்தவர்களாக வாழ்ந்தார்கள். அந்த ஏற்பாடு சாதியையும் சேர்த்தே காப்பாற்றியது, மறுப்பதற்கில்லை.

இன்று பங்குகளில் இளைஞர்களுக்கு ஞானோபதேச வகுப்புக்குக் குறைவில்லை. வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பும் என்று விசாரிக்கிறவரே நல்ல ஞானத்தகப்பன்.