வேம்பின் கசப்பும் ஆவணத்தின் வலிமையும்

பூச்சிக்கும் நுண்ணுயிருக்கும் எதிராகத் தாவர எண்ணெய்களைப் பயன்படுத்திய வரலாற்றில் வேம்புக்குத் தனியிடம் உண்டு. எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா ஆகியவற்றின் எண்ணெய்கள் ஆவியாகி, மணத்தால் பூச்சியை விரட்டுவன. வேப்பெண்ணெயோ எளிதில் ஆவியாகாதது. அதன் ஆற்றல் பெரிதும் கசப்புப் பொருள்களில் உறைகிறது. தானியக் குதிரிலும் துணிப் பெட்டியிலும் வேப்பிலை இட்டுவைப்பது இந்திய இல்லங்களில் நெடுங்கால வழக்கம். ஆயினும் அவ்வழக்கம் ஆய்வகத்தின் ஏடுகளை எட்டுவதற்குக் காலம் பிடித்தது.

1942-இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். வேப்பங்கொட்டைப் பருப்பின் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தீண்டாமையை, தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். பிரதான் குழுவினர் 1962-இல் வெளியிட்டனர். 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தனர். இச்சேர்மம் பூச்சியை உடனடியாகக் கொல்வதில்லை. அது உண்பதைத் தடுக்கிறது. தோலுரித்து வளர்வதற்கான ஹார்மோன் ஒழுங்கையும் குலைக்கிறது.

பயன் புலப்பட்டதும் உரிமைக்கான போட்டி எழுந்தது. வேப்பெண்ணெயால் தாவரப் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோர் அதனை எதிர்த்தனர். 2000 மே மாதத்தில் காப்புரிமை நீக்கப்பட்டது. 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

இவ்வெற்றி தொன்மையின் வெற்றியாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அது பாதி உண்மையே. ஒரு முறை எங்கே, எப்போது, எவ்வாறு வெளிப்படையாகப் பயன்பட்டது என்பதே காப்புரிமைச் சட்டம் எழுப்பும் வினா. 'பன்னெடுங்காலமாக' என்னும் சொல் அதற்கு விடையாகாது. மகாராஷ்டிர வயல்களில் 1980-களின் நடுவில் ஓர் இந்தியத் தொழில்முனைவோர் நடத்திய சோதனைகள் பற்றிய சாட்சியம் போன்ற, காலமும் இடமும் சுட்டக்கூடிய சான்றுகளே வழக்கில் எடை பெற்றன. மரபறிவு மின்னூலகம் 2001-இல் தொடங்கப்பட்டதும் இத்தகைய வழக்குகள் கற்பித்த பாடத்தின் பின்னணியிலேயே.

எனினும் அந்நூலகம் பெரிதும் ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலிய மருத்துவ மரபுகளின் ஏடுகளைச் சார்ந்தது. குதிரில் வேப்பிலை இட்ட பெண்களின் அறிவு ஏடேறியதில்லை. எழுதப்பட்டதை மட்டும் காக்கும் வரலாறு, எழுதாதோரின் அறிவை எவ்வாறு காக்கும் என்பதே வேம்பு விட்டுச்சென்ற வினா.